இரண்டு மொழியிலும் நான் சொன்ன பொய்

என் மகளைக் கேட்டு வீட்டுக்கு வந்தவனை நான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பொய்யை ஒரே இருப்பில் இரண்டு மொழிகளில் சொன்னேன்: அவனுக்கு நோர்வேஜிய மொழியில், என் மனைவிக்குத் தமிழில். இருவரும் நம்பினார்கள். நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவருக்கு மாற்றிச் சொல்வதுதான் என் தொழில்.

சென்ற கிழமை இந்தப் பத்தியில், நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்ற கதையை எழுதியிருந்தேன். வாசித்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாஸ்டர், நீங்கள் பட்ட கஷ்டத்தையே எழுதுறியள். ஆருக்கும் குடுத்த கஷ்டம் ஒண்டும் இல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டுச் சிரித்தார்.

இருக்கிறது. இவ்வளவு நாளும் அதைச் சுற்றி வளைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

புதுச் சப்பாத்து

புதிய நூற்றாண்டு தொடங்கி இரண்டு மூன்று வருடம் இருக்கும். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம். தலைநகரின் ஓரம், ஸ்டோவ்னரில் எங்கள் ஆறாம் மாடி வீட்டில் சரோ உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் தர்சினி தாதிப் படிப்பின் பயிற்சிக்காகப் பேர்கனுக்குப் போயிருந்தாள்.

கதவைத் திறந்தால் அந்திரேஸ். சிலேயிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை, நகரின் மறுகோடியில் ஹவுகெட்டோப் பக்கம் வீடு. தர்சினியோடு ஒன்றாகப் படித்தவன், கிற்றார் வாசித்துத் தங்கள் ஆட்களின் விழாக்களில் ஸ்பானியக் காதற்பாட்டுகள் பாடுகிறவன் என்ற அளவில் எங்களுக்குத் தெரியும்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். புத்தம் புதிது. அடியில் கடையின் விலைத்துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. பனியில் நடந்து வந்தும் அது கழலவில்லை.

கதிரையின் நுனியில் இருந்தான். சரோவைப் பார்த்துத்தான் பேசினான், நிறுத்தி நிறுத்தி, நோர்வேஜிய மொழியில்:

"நான் உங்கள் மகளை நேசிக்கிறேன். திருமணம் செய்ய விரும்புகிறேன். உங்களிடம் சொல்ல அவள் பயப்பட்டாள், அதனால் எங்களுக்குள் சண்டை. உங்கள் வழக்கத்தில் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்று தெரியும். அதனால் நானே வந்தேன். எவ்வளவு காலமானாலும் காத்திருப்பேன்."

சரோவின் கையில் மாவு. அப்போது அவள் ஸ்டோவ்னரில் மொழி வகுப்புக்குப் போய் ஐந்தாறு மாதம். என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பொடியன் என்ன சொல்லுறான்?"

நான் சொன்னேன், வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் சொல்லிப் பழகிய அதே குரலில்:

"'நான் ஸ்பெயினுக்குப் போறன். தர்சினியும் நானும் கதைச்சு எல்லாத்தையும் முடிச்சிட்டம். உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான். நான் வந்ததைப் பிள்ளையிட்டைச் சொல்லவேண்டாம், அவவுக்கு மனம் நோகும்.'"

சரோ கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"நல்லாய் இருக்கச் சொல்லுங்கோ. எண்டாலும் ஒருக்கால் பிள்ளையோடை கதைச்சுப்போட்டுப் போகச் சொல்லுங்கோ. பாவம், அவளும்."

நான் அவன் பக்கம் திரும்பி நோர்வேஜிய மொழியில் சொன்னேன்:

"'என் மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. அவளும் சம்மதித்துவிட்டாள். உங்களிடம் நேரே சொல்ல அவளால் முடியவில்லை. தயவுசெய்து இனி அவளை அழைக்க வேண்டாம்.'"

கனடாவில் மாப்பிள்ளை என்று ஒருவர் பேச்சில் இருந்தார், அவ்வளவுதான். தர்சினிக்கு அது தெரியவும் தெரியாது.

சரோ வடைத்தட்டை அவன் முன்னால் வைத்தாள். மறுக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வடையை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தான். எழும்பும்போது கோட்டுப் பையிலிருந்து ஓர் இறுவட்டை எடுத்தான். வீட்டில் பதிந்தது. உறையில் தர்சினியின் பெயர்.

"இதையாவது அவளிடம் கொடுங்கள். கேட்ட பிறகும் அவள் அழைக்காவிட்டால் எனக்கு விளங்கும்."

கொடுப்பதாகச் சொன்னேன்.

"என்னவாம்?" என்றாள் சரோ.

"பாட்டாம். ஞாபகத்துக்காம்."

எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம். இறுவட்டைக் கீழ்மாடிச் சாமான் அறையில், பழைய பாடப்புத்தகப் பெட்டிக்குள் வைத்தேன். எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை சரோ மொழி வகுப்பை நிறுத்தினாள். முழங்கால் நோவு என்றாள். நான் நம்பினேன்.

கூட்டாமல் குறைக்காமல்

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது முழுதாக விளங்காது.

மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். இருவருக்கும் நடுவில் சற்றுச் சரிந்தாற்போல் இருக்க வேண்டும், இருவரும் நம்மையல்ல, ஒருவரையொருவர் பார்க்கும்படியாக.

ஒருமுறை வைத்தியர் ஒருவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு, இன்னும் சில மாதங்கள்தான் என்று சொல்லவிருந்தார். அதை முன்பே ஊகித்த அவர் மனைவி கதவுக்கு வெளியே என் கையைப் பிடித்து, "மாஸ்டர், கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினார். நான் குறைக்கவில்லை. உள்ளே போய் அப்படியே சொன்னேன். அந்த அம்மா பிறகு பல வருடம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்கு அதனாலேயே ஒரு பெயர் வந்தது. மாஸ்டர் சொன்னால் ஒரு எழுத்துப் பிசகாது.

அந்தப் பெயரை வைத்துத்தான் அந்தச் சனிக்கிழமை பொய் சொன்னேன். வேற்று இனத்துப் பிள்ளை, கோயிலில் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் என்னை இன்றும் திடுக்கிட வைப்பது அந்தப் பயமல்ல, அந்தப் பொய் வந்த சுகம். நா குழறவில்லை. ஒரு சொல்லைத் தேடி நிற்கவில்லை. ஒரு தாயின் வாயில் அவள் சொல்லாத சொல்லை வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் தேத்தண்ணி குடித்தேன்.

அழவில்லை, கதைக்கிறார்கள்

தர்சினி பேர்கனிலிருந்து வந்தாள். ஒரு மாதம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வைக்கவில்லை.

வேலை கிடைத்து எல்லிங்ஸ்ருட்டில் தனி வீடு எடுத்தாள். கனடா மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். அடுத்து வந்த இருவரையும் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால், "எனக்குச் சரிவராது அப்பா" என்று மட்டும் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். அவள் சமைப்பாள். சமைக்கும்போது எப்போதும் ஸ்பானியப் பாட்டு. பாடசாலையில் அந்த மொழி படித்தவள். மெதுவான பாட்டுகள், ஒரு ஆண் குரலோ பெண் குரலோ கிற்றாரோடு ஆரம்பித்து, நடுவில் வயலின்கள் எழும்பி, கடைசியில் தனியே நின்றுபோகும்.

ஒருநாள் கேட்டேன். "என்ன பிள்ளை, உந்தப் பாட்டுகளிலை எல்லாரும் அழுகினம்?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அழேல்லை அப்பா. கதைக்கினம். போன ஆளோடை."

சரோ என்னைப் பார்த்தாள். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். ஏழு வருடம் இப்படிப் போயிற்று.

ஓய்வூதியக்காரரின் ஸ்பானியம்

நான் ஓய்வு பெற்றபின் ஸ்பானியம் படிக்கப் போனேன். பரிகாரமாக என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல, மொழி பிடித்தவனுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, வியாழக்கிழமை காலையில் அந்த ஒரு வகுப்பில்தான் இடம் இருந்தது.

பன்னிரண்டு பேர். என்னைத் தவிர எல்லோரும் நோர்வேஜியக் கிழவர் கிழவிகள், குளிர்காலத்தில் ஸ்பெயின் கடற்கரையில் போய்க் கிடப்பவர்கள். இறால் வாங்கவும் வைன் கேட்கவும் மொழி வேண்டும் அவர்களுக்கு. ஆசிரியை எலேனா கொலம்பியாக்காரி. அவள் இறால் வாங்கச் சொல்லித் தரவில்லை. பாட்டுப் போட்டாள். வரிகளில் சொற்களை எடுத்துவிட்டுத் தாளைத் தருவாள், நாங்கள் கேட்டு நிரப்ப வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாட்டுகள் விளங்கத் தொடங்கின. போனவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறவன். மாடிப்படியில் கேட்கும் காலடி வேறு யாருடையதோ என்று தெரிந்தும் கதவருகில் நிற்கிறவள். நீ நன்றாக இரு, நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறவன். இந்தப் பாடகர்கள் விதியைத் திட்டுவதில்லை, உலகத்தைத் திட்டுவதில்லை. நான்தான் பிழை விட்டேன், நான் ஒரு சொல் அதிகமாகப் பேசிவிட்டேன், நான் ஒரு சொல் பேசாமல் விட்டேன் என்றே பாடுகிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு பாட்டுக்குப் பிறகு ஒன்று உறைத்தது. அந்தப் பாட்டுகளில் தகப்பன்மார் இல்லை. இரண்டு பேர்தான். நடுவில் எவரும் இல்லை.

என் மகள் ஏழு வருடமாக அந்தப் பாட்டுகளைக் கேட்டுத் தன்னில்தான் பிழை தேடியிருக்கிறாள்.

அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. எலேனா, ஆளுக்கொரு பாட்டுக் கொண்டு வரச் சொன்னாள். நான் கீழ்மாடிக்குப் போய் அந்த இறுவட்டை எடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையா, வகுப்பில் புதுமையாக ஒன்றைக் காட்டும் வீம்பா, இரண்டும்தான்.

ஐந்து பாட்டு. எலேனா கடைசிப் பாட்டைப் போட்டாள். பாட்டுக்கு முன்னால் அவன் பேசினான். கதிரை கிரீச்சிடுவது கேட்டது. எலேனா நிறுத்தி, வரி வரியாக நோர்வேஜிய மொழியில் சொன்னாள்:

"தர்சினி, சண்டையில் நான் சொன்னது பிழை. நீ கோழை இல்லை. இன்று உன் பெற்றோரைப் பார்க்கப் போகிறேன், புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறேன். நான் இனி உன்னை அழைத்துக் கரைச்சல் தரமாட்டேன். என்னை மன்னித்தால் நீ அழை. எத்தனை வருடம் கழித்து என்றாலும் சரி. இந்த இலக்கத்தை மாற்றமாட்டேன்."

பிறகு பாட்டு. அவனே கட்டியது. மணி அடிக்காத ஒரு தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றியது.

வெறும் பாட்டுகள் என்று நினைத்து நான் பெட்டிக்குள் வைத்தது ஒரு கேள்வி. ஒரே ஒரு பதிலுக்காக அது ஏழு வருடம் கீழ்மாடி இருட்டில் கிடந்திருக்கிறது.

பக்கத்திலிருந்த கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "பிறகு? அந்தப் பெண் அழைத்தாளா?"

"இல்லை" என்றேன்.

"கல்நெஞ்சுக்காரி" என்றாள் கிழவி.

அங்கேயும் நான் பேசாமல் இருந்தேன்.

சரோவுக்கு விளங்கியது

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே சரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றாள்.

"என்ன?"

"மகள் எண்ட சொல்லுத் தெரியும். கலியாணம் எண்ட சொல்லுத் தெரியும். காத்திருக்கிறது எண்டது டொக்டரிட்டைப் போனால் முதல் கேக்கிற சொல்லு. மூண்டையும் அவன் சொன்னவன். போறன் எண்டு சொல்ல வந்தவன் ஏன் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தவன் எண்டும் யோசிச்சனான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

இப்போதுதான் கையை நிறுத்தினாள்.

"ஆரைக் கேக்கிறது? உங்களையோ? மாஸ்டர் ஒரு எழுத்துப் பிசகமாட்டார் எண்டு ஊரே சொல்லுது. எனக்குத்தான் பாஷை பிழையாய் விளங்கிப்போச்சு எண்டு நினைச்சன். ஆறு மாசம் படிச்சும் போறன் எண்டதுக்கும் காத்திருப்பன் எண்டதுக்கும் வித்தியாசம் தெரியாத மொக்கு நான் எண்டு நினைச்சுத்தான் வகுப்பை விட்டனான். முழங்கால் நோவில்லை."

பொய் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அது இன்னும் எத்தனை இடத்தில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடமாக ஒவ்வொரு வைத்தியரிடமும் அவளுக்காகப் பேசியது நான். அவள் காதில் சரியாக விழுந்த ஒரேயொரு நாளில், அவளைச் செவிடாக்கியவனும் நான்.

"பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். "இண்டைக்கே."

ஹவுகெட்டோ நிலையம்

அன்று சொல்லவில்லை. பயம். அதற்குப் பதிலாக அந்திரேஸைத் தேடினேன். உறையில் அவனுடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. மாற்றவில்லை.

ஹவுகெட்டோ ரயில் நிலைய வாங்கில் சந்தித்தோம். முன்தலை கொஞ்சம் வழுக்கை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறான். நான் பாடமாக்கிப் போன ஸ்பானிய வசனம் இரண்டாம் சொல்லில் அறுந்தது. நோர்வேஜிய மொழியில் சொல்லி முடித்தேன்.

தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டான்:

"அப்படியென்றால் கனடா இல்லை?"

"இல்லை."

சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. "கனடாவுக்குப் போன ஒருத்தியைப் பற்றி நான் மூன்று பாட்டுக் கட்டினேன். எங்கள் ஆட்கள் இன்னும் கேட்டுப் பாடச் சொல்கிறார்கள்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லவில்லை."

"முதலில் என்னிடமா வந்தீர்கள்?" என்றான். "அன்று அவள் இல்லாமல் அவளைப் பற்றி முடிவெடுத்தீர்கள். இன்றும் அவள் இல்லாமல்தான் தொடங்குகிறீர்கள்."

ரயில் வந்தது. ஏறுவதற்கு முன் சொன்னான்: "அந்தப் பாட்டு அவளுடையது, கொடுங்கள். ஆனால் நான் இப்போது காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல்."

நடுக்கதிரை

அங்கிருந்து நேரே எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனேன். தர்சினி வேலையால் வந்து உடுப்பு மாற்றவில்லை.

மேசையில் இறுவட்டை வைத்தேன். உறையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் கை வாய்க்குப் போனது. நான் கதிரையைச் சற்றுச் சரித்துப் போட்டு, அன்று அவன் சொன்னதை அவன் சொன்னபடியே தமிழில் சொன்னேன். "நான் உங்கட மகளை நேசிக்கிறன்" என்று என் வாயால் என் மகளிடம் சொன்னேன். பிறகு நான் அதை என்னவாக மாற்றினேன் என்பதை இரண்டு மொழியிலும் சொன்னேன். வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். கடைசியாக ஹவுகெட்டோவில் அவன் சொன்னதை, காத்திருக்கவில்லை என்பது உட்பட.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கேட்டது ஒரு கேள்விதான்.

"அண்டைக்கு அவனுக்கு என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?"

"வடை."

"சாப்பிட்டவனோ?"

"ஓம். ரண்டு."

தலையாட்டினாள். இன்னொரு முறை தலையாட்டினாள். பிறகு மேசையில் முகத்தை வைத்து அழுதாள். அந்தப் பாட்டுகளில் வருவதுபோலல்ல, இருமல்போல. நான் தோளைத் தொடப் போனேன்.

"தொடாதேங்கோ. போங்கோ அப்பா."

போனேன்.

ஞாயிறு

எட்டு மாதம் அவள் வரவில்லை. சரோதான் போய் வந்தாள். அந்த வருடக் கடைசியில் சரோ மறுபடி மொழி வகுப்பில் சேர்ந்தாள், வயது போனவர்களுக்கான வகுப்பு. நான் பாடம் சொல்லித் தரட்டுமா என்றேன். "உங்களிட்டைப் படிச்சது போதும்" என்றாள்.

ஒரு ஞாயிறு கதவு மணி அடித்தது. தர்சினி. என்னைத் தாண்டி உள்ளே போய்த் தாயுடன் நோர்வேஜிய மொழியில் பேசத் தொடங்கினாள், சிறு பிள்ளைக்குப் பேசுவதுபோல மெதுவாக. அம்மாவுக்குப் பழக்கத்துக்காம். எனக்கு விளங்காத மொழியல்ல. என்னோடு பேசாத மொழி.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் வருகிறாள். என்னிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் தாயிடம் அந்த மொழியில் சொல்கிறாள். சரோ அதைத் தமிழில் எனக்குச் சொல்கிறாள். முதல் நாள் நான், "எனக்கு விளங்கினது" என்று சொல்லப் போனேன். சரோ பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். இப்போது காத்திருக்கப் பழகிவிட்டேன்.

போன ஞாயிறு, இதை எழுதலாமா என்று கேட்கச் சொன்னேன். சரோ தட்டுத் தடுமாறிக் கேட்டாள். தர்சினி கரண்டியை வைத்துவிட்டு, தாயைப் பார்த்து இரண்டு வசனம் சொன்னாள்.

சரோ கதிரையை எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சம் சரித்துப் போட்டாள். கண்ணை மூடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"'நான் மன்னிச்சிட்டன் எண்டு எழுதக் கூடாது. ஞாயிறுகளிலை நான் இஞ்சை சாப்பிட வாறனான் எண்டு எழுதலாம்.'"

சொல்லிவிட்டு, தன் குரலில், கொஞ்சம் பயத்தோடு என்னைக் கேட்டாள்:

"சரியோ? ஏதும் விட்டிட்டனோ?"

"இல்லை சரோ," என்றேன். "ஒண்டும் விடேல்லை."